ஸ்பென்சர் ஹேவுட்டின் வழக்கு: பத்தொன்பது வயது விதியின் முன்கதை

1996ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் இரவுப் பணியில் இருந்தேன். அவ்வாண்டு மார்ச்சில் லாகூரில் இலங்கை அணி கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. அதன் பின் பல மாதங்களுக்கு எமது விளையாட்டுப் பக்கத்தில் வேறெந்த ஆட்டத்துக்கும் இடம் இருக்கவில்லை. அந்த நாட்களில் ஓரிரவு தொலையச்சில் ஒரு சிறு செய்தி வந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்.பி.ஏ.யில் பதினேழு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவன் சேர்கிறான் என்றும், அவன் வயது குறைந்தவன் என்பதால் ஒப்பந்தத்தில் பெற்றோரும் கையெழுத்திட வேண்டியிருக்கிறது என்றும் அதில் இருந்தது. வேடிக்கையான செய்திதான், ஆனால் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று எண்ணிக் கிழித்துப் போட்டேன். கூடைப்பந்தாட்டச் செய்தி குப்பைக் கூடைக்குள் போனது.

அந்த மாணவனின் பெயர் கோபி பிரையன்ட். 2020 ஜனவரி 26ஆம் திகதி அவர் ஹெலிகொப்டர் விபத்தில் தமது மகளுடன் உயிரிழந்தபோது உலகின் எல்லாப் பத்திரிகைகளும் முதற்பக்கத்தில் அழுதன. நானும் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. ஒரு பதினேழு வயதுப் பையன் பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைய எவ்வாறு முடிந்தது என்று தேடிப் போனபோதுதான், அந்தக் கதவைத் திறந்த மனிதரின் வரலாற்றைச் சந்தித்தேன். அவர் பெயர் ஸ்பென்சர் ஹேவுட். பிரையன்டுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஹேவுட் 1949 ஏப்ரலில் மிசிசிப்பி மாநிலத்தின் சில்வர் சிற்றி என்னும் ஊரில் பிறந்தவர். பெயரில் வெள்ளியும் நகரமும் இருந்தாலும் அது பருத்திக் காடுகளுக்கு நடுவே கிடந்த ஒரு குக்கிராமம். பத்துப் பிள்ளைகளுள் ஒருவர். தாயும் பிள்ளைகளும் பருத்தி பறித்தே பிழைத்தனர். பதின்ம வயதில் வடக்கே டெட்ரொயிட் நகருக்கு வந்து, பெர்ஷிங் உயர்தரப் பாடசாலை அணிக்காக ஆடி 1967இல் மாநில வெற்றிக்கிண்ணத்தை வென்றுகொடுத்தார். அதன் பின் கொலராடோவில் ஓர் இளநிலைக் கல்லூரியில் ஓராண்டு.

1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் வந்தது. டொமி ஸ்மித்தும் ஜோன் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து முட்டி உயர்த்தியது அந்த ஒலிம்பிக்கில்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்தப்படும் முறையைக் கண்டித்துப் பல முன்னணி வீரர்கள் ஒதுங்கிக்கொண்டனர். அவர்களுள், பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சின்டரும் ஒருவர். அந்த வெற்றிடத்தை நிரப்பிய பத்தொன்பது வயது ஹேவுட், அமெரிக்க அணியில் அதிக புள்ளிகளைப் பெற்றுத் தங்கப் பதக்கத்துடன் திரும்பினார். அடுத்து டெட்ரொயிட் பல்கலைக்கழகத்தில் ஒரே பருவம் ஆடினார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 32 புள்ளிகள். கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவதில் சராசரி 21க்கு மேல்.

அவ்வளவு ஆற்றலுள்ளவருக்கு என்.பி.ஏ.யின் கதவு அடைத்தே இருந்தது. ஒருவர் பாடசாலைக் கல்வியை முடித்து நான்காண்டுகள் கழியாமல் எந்த அணியும் அவரைச் சேர்க்கக் கூடாது என்பது அச்சங்கத்தின் விதி. அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனாரா இல்லையா என்பது பொருட்டல்ல. நான்காண்டு வீட்டில் சும்மா இருந்தாலும் சரி, அந்தக் காலம் கழிந்தாக வேண்டும்.

இந்த விதி ஏன் வந்தது என்பதை விளங்கிக்கொள்ள என்.பி.ஏ.யின் ஆரம்ப நிலையைப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளில் அது பலவீனமான ஒரு வியாபாரம். பல்கலைக்கழக ஆட்டங்களுக்கே கூட்டம் அதிகம். பல்கலைக்கழகங்களைப் பகைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. அதோடு இன்னொரு கணக்கும் இருந்தது. நான்கு ஆண்டுகள் வேறு யாரோ செலவழித்துப் பயிற்றுவித்து, பத்திரிகைகளில் பெயர் அடிபட வைத்து, ஆயத்த நட்சத்திரமாக அனுப்பிவைக்கும் ஒரு வீரனை வேண்டாம் என்று எந்த முதலாளி சொல்வான்? பேஸ்போல் முதலாளிகள் தமது சொந்தச் செலவில் சிறு அணிகளை நடத்தி இளைஞரைப் பயிற்றுவித்தனர். கூடைப்பந்தாட்ட முதலாளிகளுக்கு அந்தச் செலவே இல்லை.

ஏழடி உயர வில்ட் சேம்பர்லின்கூட இந்த விதிக்குத் தப்பவில்லை. 1958இல் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தை விட்டு ஓராண்டு முன்னதாக வெளியேறியபோது, என்.பி.ஏ.யில் சேர முடியாமல் ஹார்லம் குளோப்டுரொட்டர்ஸ் என்னும் கேளிக்கை அணியுடன் ஊர் ஊராகச் சுற்றி அந்த ஓராண்டைக் கழித்தார். அவர் வழக்குப் போடவில்லை. காத்திருந்தார்.

ஹேவுட்டுக்குக் காத்திருக்க வசதி இருக்கவில்லை. 1967இல் தொடங்கப்பட்ட போட்டிச் சங்கமான ஏ.பி.ஏ., சிவப்பு வெள்ளை நீலப் பந்தோடு ஆடிக்கொண்டு, பெயர் பெற்ற வீரர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. அங்கும் இதே போன்ற விதி இருந்தது. ஆனால் குடும்ப வறுமையைக் காரணம் காட்டி விலக்கு அளிக்கலாம் என்று ஒரு வழியைக் கண்டுபிடித்து, 1969இல் டென்வர் அணி ஹேவுட்டைச் சேர்த்துக்கொண்டது. முதற்பருவத்திலேயே சராசரி 30 புள்ளிகள். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம், சிறந்த வீரர் ஆகிய இரு விருதுகளும் அவருக்கே.

பிறகுதான் ஒப்பந்தத்தை ஊன்றிப் படித்தார். 19 இலட்சம் டொலர் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்ட தொகையில் பெரும்பகுதி, பல ஆண்டுகளுக்குப் பின்னர் தவணை தவணையாகக் கிடைக்கும் பணம். கையில் வருவது சொற்பம். கையெழுத்திட்டபோது தாம் இருபத்தொரு வயது நிரம்பாதவர் என்றும், ஆகவே அது தம்மைக் கட்டுப்படுத்தாது என்றும் கூறி அவர் விலகினார். 1970 டிசம்பர் இறுதியில் என்.பி.ஏ.யின் சியாட்டில் சுப்பர்சொனிக்ஸ் அணியின் உரிமையாளர் சாம் ஷுல்மன், ஆறு ஆண்டுகளுக்கு 15 இலட்சம் டொலர் என்று அவருடன் ஒப்பந்தம் செய்தார். நான்காண்டு விதியை ஷுல்மன் அறியாதவர் அல்லர். மீறுகிறோம் என்று தெரிந்தே மீறினார்.

ஏனைய அணிகளின் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். ஹேவுட் தரப்பு கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை நாடியது. அவரை ஆடவிடாமல் தடுக்கக் கூடாது என்று அந்நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த வாரங்களில் அவர் ஒரு நாள் ஆடுவார், மறுநாள் ஆடமாட்டார். அவர் பின்னாளில் சொன்ன கதைகள் மனத்தைப் பிசைபவை. எதிரணியின் அரங்கில் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி, சட்டவிரோத வீரர் ஒருவர் களத்தில் நிற்கிறார் என்று அறிவிப்பார்களாம். ஒருமுறை அவரை அரங்கிலிருந்தே வெளியேற்ற, ஆட்டம் முடியும்வரை வெளியே குளிரில் நின்றாராம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே நாட்டுக்காகத் தங்கம் வென்று வந்தவர் இவர்.

1971 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் ஓ. டக்ளஸ், மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையை மீண்டும் நடைமுறைப்படுத்தினார். இதனை உயர் நீதிமன்ற முழு அமர்வின் இறுதித் தீர்ப்பு என்று பலரும் எழுதுகின்றனர். அது பிழை. தனியொரு நீதியரசர் தமது அறையிலிருந்து பிறப்பித்த இடைக்காலக் கட்டளையே அது. பேஸ்போலுக்கு 1922 முதல் இருந்துவரும் ஏகபோகத் தடைச் சட்ட விலக்கு கூடைப்பந்தாட்டத்துக்குக் கிடையாது என்பதையும், வழக்கு முடிவதற்குள் பருவம் கடந்துபோனால் இளம் வீரனுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய முடியாது என்பதையும் டக்ளஸ் சுட்டிக்காட்டினார். (அவர் சியாட்டில் இருக்கும் அதே வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்தவர். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.)

சட்டத்தின் உட்பொருளை ஆராய்ந்தவர் மாவட்ட நீதிபதி வொரன் பெர்குசன். போட்டியாளர்களான முதலாளிகள் எல்லோரும் ஒன்றுகூடி ஒரு தொழிலாளியை எவரும் வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்வது, 1890ஆம் ஆண்டின் ஷேர்மன் சட்டம் தடைசெய்த கூட்டுப் பகிஷ்கரிப்பு என்று அவர் 1971இல் தீர்ப்பளித்தார். இந்த விதியால் பாதிக்கப்படும் ஒருவர் தன் தரப்பைச் சொல்வதற்குக்கூட ஒரு வழி இல்லை என்பதையும் அவர் குறிப்பிட்டார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹேவுட் 1967இல் பாடசாலையை முடித்தவர். விதிப்படியே பார்த்தாலும் 1971 கோடையில் அவர் தகுதி பெற்றுவிடுவார். சில மாதங்களுக்காக இத்தனை ஆத்திரம். அந்தச் சில மாதங்கள் முதலாளிகளுக்குப் பொருட்டல்ல. விதி உடைந்துவிடக் கூடாது என்பதே அவர்கள் கவலை.

விதி உடைந்தது. ஆனால் என்.பி.ஏ. அதை முழுதாகக் கைவிட மனமில்லாமல், வறுமையை நிரூபிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று 1971இல் மாற்றியமைத்தது. கோடீசுவரர்களின் சங்கம் ஒன்று, கறுப்பின இளைஞர்களிடம் தாம் ஏழை என்பதற்கு அத்தாட்சி கேட்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். 1976இல்தான் அந்த நிபந்தனையும் போயிற்று.

பாடசாலையிலிருந்து நேரே வந்தவர்கள் ஆரம்பத்தில் மிகச் சிலரே. 1974இல் மோசஸ் மலோன் ஏ.பி.ஏ.க்கும், 1975இல் டரில் டோக்கின்ஸும் பில் வில்லபியும் என்.பி.ஏ.க்கும் வந்தனர். அதன் பின் இருபது ஆண்டுகள் எவரும் அவ்வழியில் தெரிவாகவில்லை. 1995இல் கெவின் கார்னெட்டை மினசோட்டா அணி ஐந்தாவதாகத் தெரிவு செய்தபோதுதான் கதவு மீண்டும் அகலத் திறந்தது. 1996இல் பிரையன்ட், ஜெர்மெய்ன் ஓ நீல். 1997இல் ட்ரேசி மக்கிரேடி. 2001இல் முதல் நான்கு தெரிவுகளில் மூவர் பாடசாலை மாணவர்கள். 2003இல் லெப்ரோன் ஜேம்ஸ். 2004இல் முதற்சுற்றில் மாத்திரம் எட்டுப் பேர்.

இந்த அவசரத்துக்கு இளைஞர்களின் பேராசையே காரணம் என்று அக்காலப் பத்திகளில் எழுதினார்கள். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. 1995இல் புதுமுக வீரர்களின் முதல் ஒப்பந்தச் சம்பளத்துக்கு என்.பி.ஏ. ஒரு நிர்ணய அளவை விதித்தது. எவ்வளவு திறமை இருந்தாலும் முதல் ஒப்பந்தத்தில் அந்த அளவைத் தாண்ட முடியாது. உண்மையான பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான். ஆகவே முதல் ஒப்பந்தத்தை எவ்வளவு விரைவில் தொடங்கி முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு உருவாயிற்று. 1997இல் கார்னெட் தமது அடுத்த ஒப்பந்தத்தில் ஆறு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டொலர் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21. அந்தத் தொகையைக் கண்டு மிரண்ட முதலாளிகள் அடுத்த ஆண்டே கதவடைப்புச் செய்தனர். 1998-99 பருவம் 50 ஆட்டங்களாகக் குறைந்தது. சம்பளத்தைக் கட்டுப்படுத்தப் போட்ட விதியே பையன்களைப் பாடசாலையிலிருந்து இழுத்து வந்தது.

விழுந்தவர்களும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1998இல் டெட்ரொயிட் அணி தெரிவு செய்த கொர்லியோன் யங் மொத்தமாக மூன்றே ஆட்டங்களில் ஆடினார். பெயர் கொடுத்தும் எந்த அணியாலும் தெரிவு செய்யப்படாதவர்கள் இருந்தனர். தொழில்முறைத் தெரிவுக்குப் பெயர் கொடுத்தவர் திரும்பப் போய்ப் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாத நிலையும் பலருக்கு ஏற்பட்டது. பதினெட்டு வயதில் ஒரு முகவரின் பேச்சை நம்பிக் கையெழுத்திட்டு, இரு பக்கமும் கதவு மூடிக்கொண்ட பிள்ளைகள். 1995 முதல் 2005 வரை இவ்வழியில் தெரிவானவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். அவர்களில் கணிசமானோர் நீண்ட காலம் நிலைத்து ஆடினர் என்பதும் உண்மை. ஆனால் நாற்பது பேரில் ஐவர் கெட்டாலும் அந்த ஐவரின் தாய்மாருக்குப் புள்ளிவிபரம் ஆறுதல் தராது.

அந்தப் பிள்ளைகளைக் காட்டித்தான் ஆணையாளர் டேவிட் ஸ்டேர்ன் வயதெல்லை கேட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இது வியாபார முடிவு என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். பாடசாலை மண்டபங்களில் சிறு பையன்களுடன் ஆடும் ஒருவனைப் பார்த்துப் பல மில்லியன் டொலரைப் பணயம் வைப்பதைவிட, பல்கலைக்கழகத்தில் ஓராண்டேனும் ஆடுவதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது முதலாளிக்கு இலாபம். அவர் கேட்டது இருபது வயது. வீரர்களின் தொழிற்சங்கம் பேரம் பேசி, 2005ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் பத்தொன்பதுக்கு இறங்கி வந்தது. தெரிவு நடைபெறும் ஆண்டுக்குள் பத்தொன்பது வயது நிரம்ப வேண்டும். அமெரிக்க மாணவராயின் அவரது பாடசாலை வகுப்பு வெளியேறி ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். 2006 தெரிவிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது.

1971இல் சட்டவிரோதம் எனப்பட்டது 2005இல் எவ்வாறு சட்டபூர்வமாயிற்று? இந்தக் கேள்விதான் என்னை இந்த விடயத்தில் அதிக நாள் பிடித்து வைத்திருந்தது. விடை ‘கூட்டு ஒப்பந்தம்’ என்ற இரு சொற்களில் இருக்கிறது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினை பற்றி ஆண்டுக் கணக்கில் செய்தி எழுதியவர்களுக்கு அச்சொல் நன்கு பழக்கமானது. மேசையில் சிலர் அமர்ந்து கையெழுத்திடுவர். மேசையில் இல்லாதவர்களையும் அது கட்டுப்படுத்தும். 1971இன் விதி முதலாளிகள் தாமாக எழுதிக்கொண்டது. 2005இன் விதியில் தொழிற்சங்கமும் கையொப்பமிட்டது. சங்கத்துடன் பேசி இணங்கிய வேலை நிபந்தனைகளுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கத்தின் மூன்றாண்டு விதியை எதிர்த்து மோரிஸ் கிளரட் என்னும் இளைஞர் தொடுத்த வழக்கு, கீழ் நீதிமன்றத்தில் வென்றும், 2004இல் மேன்முறையீட்டில் இக்காரணத்தாலேயே தோற்றது. அத்தீர்ப்பை எழுதியவர், பின்னர் 2009இல் உயர் நீதிமன்ற நீதியரசராகிய சோனியா சொட்டோமேயர்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றே. அந்தத் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கும் வீரர்கள். ஒவ்வோர் அணியிலும் இடங்கள் எண்ணிக்கைப்பட்டவை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் உள்ளே வந்தால் முப்பத்துமூன்று வயது வீரன் ஒருவன் வெளியே போக வேண்டும். பாடசாலைப் பையனுக்குச் சங்கத்தில் வாக்கு இல்லை. இல்லாதவனுடைய ஓராண்டை இருப்பவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு வேறு சலுகைகள் பெற்றார்கள்.

இந்தப் பேச்சு எழும்போது தமக்கு நிறமே நினைவுக்கு வருகிறது என்ற கருத்தில் 2005இல் ஜெர்மெய்ன் ஓ நீல் பேசியது பெரும் சர்ச்சையாயிற்று. அவர் சுட்டிய ஒப்பீட்டைப் புறந்தள்ள முடியாது. பேஸ்போலிலும் ஐஸ் ஹொக்கியிலும் பதினெட்டு வயதுப் பையன்கள் தெரிவாகின்றனர். டென்னிஸில் இன்னும் இளையோர் பரிசுப் பணம் வெல்கின்றனர். அவர்களின் படிப்பைப் பற்றி எவரும் கண்ணீர் விடுவதில்லை. எங்கள் ஊரில் 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியில் முதலாவது அரைச்சதம் அடித்த அர்ஜுன ரணதுங்க, அப்போது ஆனந்தாக் கல்லூரி மாணவர். அதை நாம் பெருமையாகவே சொல்லி வருகிறோம்.

விதியின் விளைவு விரைவில் தெரிந்தது. திறமைசாலிகள் ஒரே ஓராண்டுக்குப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்து, பருவம் முடிந்ததும் பெட்டியைக் கட்டினர். 2007இல் முதலிரு தெரிவுகளான கிரெக் ஓடனும் கெவின் டூரன்ட்டும் அவ்வாறு வந்தவர்களே. பிராண்டன் ஜெனிங்ஸ் 2008இல் அதையும் விரும்பாமல் இத்தாலிக்குப் போய் ரோம் நகர அணியில் சம்பளத்துக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். பல்கலைக்கழகங்களோ அந்த ஓராண்டில் தொலைக்காட்சி உரிமையிலும் நுழைவுச்சீட்டிலும் கோடிகள் ஈட்டின. ஆடியவனுக்குப் படிப்புச் செலவு மட்டும்.

2019 பெப்ரவரி 20ஆம் திகதி நிகழ்ந்ததை மறக்க முடியாது. டியூக் பல்கலைக்கழகத்துக்கும் வட கரோலினாவுக்கும் ஆட்டம். நுழைவுச்சீட்டுகள் ஆயிரக்கணக்கான டொலருக்குக் கைமாறின. முன்னாள் ஜனாதிபதி ஒபாமா பார்வையாளர் வரிசையில் இருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டியூக்கின் பதினெட்டு வயது நட்சத்திரம் சயன் வில்லியம்சனின் நைக்கி சப்பாத்து கிழிந்து பிளந்தது. முழங்கால் சுளுக்கி வெளியேறினார். மறுநாள் அந்நிறுவனத்தின் பங்கு விலை இறங்கியது. அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் பணம் இருந்தது, விழுந்தவனைத் தவிர. அவர் தேறி, அவ்வாண்டு ஜூனில் முதலாவது வீரராகத் தெரிவானார் என்பது நல்லூழ்.

அதற்கு முந்திய ஆண்டிலேயே கொண்டலீசா ரைஸ் தலைமையிலான ஆணைக்குழு, பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தில் மறைமுகப் பணப் பரிமாற்றம் பற்றிய ஊழல் விசாரணைகளைத் தொடர்ந்து, இந்த ஓராண்டு விதியை ஒழிக்கும்படி பரிந்துரைத்திருந்தது. ஸ்டேர்னுக்குப் பின் வந்த ஆணையாளர் அடம் சில்வரும் பதினெட்டுக்கு இறங்க இணக்கம் தெரிவித்தார். ஆயினும் 2023இல் கையெழுத்தான புதிய கூட்டு ஒப்பந்தத்திலும் பத்தொன்பதே நின்றது.

இதற்கிடையே பல்கலைக்கழகத்தின் பக்கம் அடியோடு மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி பல்கலைக்கழகங்களே வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். இதனால் தொழில்முறைத் தெரிவுக்கு முன்கூட்டியே பெயர் கொடுப்போர் தொகை குறைந்திருக்கிறது. முதலாளிகளின் விதியால் நிறுத்தி வைக்க முடியாதவர்களைச் சம்பளம் நிறுத்தி வைத்திருக்கிறது.

ஹேவுட்டுக்கு வருவோம். சியாட்டிலில் புகழோடு ஆடினார். பின்னர் போதைப் பழக்கத்துக்கு ஆளாகி, 1980இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி இறுதிப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த வேளையில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். மீண்டு வந்தார். கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள 2015 வரை பிடித்தது. அப்போது அவருக்கு வயது 66. தாம் திறந்த வழியே வந்து கோடிகள் ஈட்டிய இளைஞர்கள் தம்மை யாரென்று அறிய வேண்டும், முன்கூட்டியே நுழையும் அந்த விதிக்குத் தமது பெயரைச் சூட்ட வேண்டும் என்று அவர் நீண்ட காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்.

சியாட்டில் அணி 2007இல் அவரது 24ஆம் இலக்கச் சட்டையை வேறு எவரும் அணியாதவாறு ஓய்வுபெறச் செய்து, அரங்கின் கூரையில் தொங்கவிட்டுக் கௌரவித்தது. அடுத்த ஆண்டு அந்த அணி ஒக்லஹோமா நகருக்குப் பெயர்க்கப்பட்டது.